'பசுமை' பேனர் அடிக்கும் முன் பெட்டியின் மூலையைக் கிழித்துப் பாருங்கள்

கேள்வி: நானும் என் அக்காவும் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் கேட்டரிங் செய்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, அலுவலகப் பொட்டலச் சாப்பாடு எல்லாம் எடுப்போம். அண்மையில் பிளாஸ்டிக் டப்பாவை விட்டு 'மக்கும்' என்று அச்சிட்ட பெட்டிக்கு மாறினோம். '100% பசுமைக் கேட்டரிங்' என்று புதுப் பெயர்ப்பலகை, லோகோ, மாதம் 20 சமூக ஊடகப் பதிவுகள் என்று ஒரு விளம்பர நிறுவனம் விலை கொடுத்திருக்கிறது. என் தம்பி நண்பர்களோடு ஓர் இளைஞர் இயக்கம் நடத்துகிறான். பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல். இரண்டையும் ஒரே முகநூல் பக்கத்தில் போடலாமா? இப்போதே லைக் நிறைய வருகிறது, ஆர்டர்தான் வரவில்லை.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பேனருக்கு முன்பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள் சகோதரி. முதலில் அந்தப் பெட்டியைப் பார்ப்போம்.

புதுப் பெட்டி ஒன்றை எடுத்து மூலையில் மெதுவாகக் கிழியுங்கள். காகிதம் கிழிந்த பிறகும் உள்பக்கத்தில் மெல்லிசாக ஒன்று கிழியாமல் இழுபட்டு நீண்டால், அது பிளாஸ்டிக் பூச்சு. பெரும்பாலும் பாலிஎத்திலீனாக இருக்கும். சாம்பார் ஊறி வெளியே வராமல் தடுப்பதே அதுதான். அந்தப் பூச்சு மக்காது. காகிதத்தோடு ஒட்டிக் கிடப்பதால் பழைய பேப்பர் எடுப்பவரும் வாங்க மாட்டார், அதுவும் எண்ணெய் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே பச்சை இலைப் படம் அச்சிட்டிருப்பதால் உள்ளே இருப்பது மாறிவிடாது.

சில பெட்டிகளில் சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ பூச்சு இருக்கும். அது மக்கக்கூடியதுதான், ஆனால் எங்கே என்பதுதான் கேள்வி. 'மக்கும்' என்று சான்று கொடுக்க உலகில் பரவலாகப் பின்பற்றும் தரங்கள் இரண்டு: ஐரோப்பாவின் இஎன் 13432, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி6400. இரண்டுமே தொழில்முறை உரக்கூடத்தின் சூட்டை, அதாவது 58 பாகை செல்சியஸ் அளவை, மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்தச் சூடும் ஈரமும் காற்றும் இருந்தால் ஆறு மாதத்துக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்பது கணக்கு. நம் பினாங்குக் குப்பை போகும் இடம் நிபோங் திபால் பக்கத்தில் இருக்கும் புலாவ் புரோங். அங்கே குப்பை மேல் குப்பையாகக் கொட்டி மூடுகிறார்கள், உரமாக்குவதில்லை. ஆகவே சான்று பெற்ற பெட்டியே ஆனாலும், உங்கள் வாடிக்கையாளர் அதைச் சாதாரணக் குப்பையில் போட்டால் நீங்கள் சொன்ன 'மக்கும்' நடக்காது.

பெட்டி விற்றவரிடம் இந்தத் தர எண்களில் ஏதாவது ஒன்றுக்குச் சான்றிதழ் கேளுங்கள். 'எல்லாம் சரியாக இருக்கும் கா' என்று பதில் வந்தால் சான்று இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆக்சோ' வகைப் பிளாஸ்டிக் என்று சொன்னால் வாங்கவே வேண்டாம். அது சின்னச் சின்னத் துணுக்காக உடையுமே தவிர, மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த விதியில் அதை விற்கவே தடை போட்டுவிட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், '100% பசுமை' என்பது வெறும் விளம்பர வாசகம் அல்ல. மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன்படி பொருளின் தரம், தன்மை பற்றித் தவறாக எண்ணவைக்கும் வாக்குறுதி குற்றம். பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ ஆண்டுகளாக மக்களுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒரு மாமா பெட்டியைத் திருப்பிப் பார்த்து 'இது எப்படிம்மா மக்கும்?' என்று கேட்டால் அந்த இடத்திலேயே பதில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஆதாரமில்லாமல் பொத்தாம்பொதுவாகப் போடுவதையே தடுக்கும் விதி 2026 செப்டம்பர் 27 முதல் அமலுக்கு வருவதாக முடிவாகிவிட்டது. உங்கள் கேட்டரிங்குக்கு அது பொருந்தாதுதான், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

'நாங்கள் பிளாஸ்டிக் பை தருவதில்லை' என்பதையும் பெருமையாகப் போட வேண்டாம். பினாங்கில் 2009இல் திங்கட்கிழமைகளில் இலவசப் பை நின்றது. 2011 முதல் எல்லா நாளும் நின்றது, பை வேண்டுமென்றால் அப்போது 20 சென் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரே பழகிப்போன ஒன்றைச் சொல்லிப் பெயர் வாங்க முடியாது. லோகோ விஷயமும் அப்படித்தான். சிரிம் சுற்றுச்சூழல் முத்திரை, மைஹிஜாவ் முத்திரை என்று சரிபார்த்துக் கொடுக்கும் முத்திரைகள் நம் நாட்டில் இருக்கின்றன. நீங்களே வரைந்த பச்சை இலை வட்டம் அவற்றைப் போலத் தோன்றினால் அதுவே ஏமாற்று.

சரி, அப்படியானால் எதைச் சொல்வது? உங்களிடம் ஏற்கனவே இருப்பதைச் சொல்லுங்கள். பந்தி போட்டால் வாழை இலை, எவர்சில்வர் டம்ளர், கழுவி மறுபடி எடுக்கும் பாத்திரம். பாட்டி காலத்திலிருந்து செய்வதால் அது உங்கள் கண்ணுக்கே படவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சாப்பிட்ட இலையையும் மிச்சச் சோற்றையும் கறுப்புப் பையில் கட்டிக் குப்பை நிலத்துக்கு அனுப்பினால் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. கேட்டரிங் தொழிலில் பெட்டியைவிடப் பெரிய விவகாரம் மிச்சமாகும் சாப்பாடுதான். அதைப் பற்றி யாரும் பேனர் அடிப்பதில்லை!

ஆகவே பேனர் காசில் ஒரு தராசு வாங்குங்கள். அடுத்து வரும் விருந்துகளில் மிச்சச் சோறு எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ என்று எடை போட்டு நோட்டில் எழுதி வாருங்கள். எத்தனை பேருக்கு ஆர்டர், எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். சில வாரத்திலேயே ஒரு ஒழுங்கு தெரியும். ஞாயிறு மதியம் இவ்வளவு மிஞ்சும், இரவு விருந்தில் ரசம்தான் மிஞ்சும் என்று பிடிபடும். அடுத்த ஆர்டரில் அளவைக் குறையுங்கள். உங்களுக்கும் அரிசிக் காசு மிச்சம்.

அப்புறம் பதிவு எழுதுவது சுலபம். 'பூமியைக் காப்போம்' வேண்டாம். 'இந்த மாதம் மூன்று கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை எடை போட்டோம். போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, கணக்கு படத்தில் இருக்கிறது. பந்திக்கு வாழை இலை. பொட்டலச் சாப்பாட்டுக்கு இன்னும் பூச்சுப் பெட்டிதான் எடுக்கிறோம், மாற்று தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதுங்கள். கடைசி வரிதான் முக்கியம். இன்னும் செய்யாததையும் ஒளிக்காமல் சொல்பவரை, செய்ததைச் சொல்லும்போது நம்புவார்கள். விளம்பர நிறுவனம் அந்த வரியை வெட்டச் சொல்லும். வெட்டாதீர்கள்.

லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை என்றீர்கள். லைக் போடுபவர் வேறு, கல்யாணச் சாப்பாட்டை முடிவு செய்பவர் வேறு. முடிவு செய்வது பெரும்பாலும் மணப்பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி. அவர்கள் முகநூலில் பார்ப்பார்கள், ஆனால் விலை கேட்பது வாட்சப்பில். அதனால் ஒவ்வொரு பதிவிலும் வாட்சப்புக்குப் போகும் இணைப்பு இருக்கட்டும். வாட்சப் பிசினஸ் செயலியில் சாப்பாட்டுப் பட்டியலைப் படம், விலையோடு போட்டு வையுங்கள். ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். விருந்து முடிந்து பாத்திரம் ஏற்றும்போதே 'எங்கள் நம்பரைப் போட்டுக்கொள்ளுங்கள் கா' என்று கேட்டு வாங்கிவிடுவது எந்த விளம்பரத்தையும்விட மேல். கூகுள் வரைபடத்தில் கடை விவரத்தையும் சரியாக வையுங்கள்.

மாதம் 20 பதிவு தேவையில்லை. வாரம் இரண்டு போதும், விடாமல் வர வேண்டும். பட்டியலைத் தமிழோடு மலாயிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், அலுவலக ஆர்டர் அப்படித்தான் வரும். ஆடியில் கல்யாணம் குறைவு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வீடியோ எடுப்பது, விலைப் பட்டியல் திருத்துவது எல்லாம் அந்த மாதத்துக்கு. ஆர்டர் நோட்டில் 'எங்கே பார்த்தீர்கள்?' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். எந்த ஊடகம் சோறு போடுகிறது என்று அந்தக் கட்டம் சொல்லிவிடும்.

இனி தம்பியின் இயக்கம். ஒரே பக்கம் வேண்டவே வேண்டாம். நன்கொடை கேட்கும் பதிவுக்குக் கீழே பிரியாணி விலை வந்தால், கொடுத்த காசு எங்கே போகிறது என்று யாருக்கும் சந்தேகம் வரும். தனிப் பக்கம், தனி வங்கிக் கணக்கு. நீங்கள் சாப்பாடு கொடுத்து உதவினால் 'இன்னார் ஆதரவு' என்று வெளிப்படையாகப் போடலாம்.

இயக்கம் சட்டப்படி பதிவாகியிருந்தால் பதிவு எண்ணைப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் அதை முடிக்கட்டும். பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்தால் பெறுபவர் பெயர் திரையில் வரும். இயக்கத்தின் பெயருக்குப் பதிலாகத் தம்பியின் பெயர் வந்தால் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் ஒப்புதல் இருந்தால் மட்டுமே 'வரி விலக்கு ரசீது உண்டு' என்று எழுதலாம். உண்டியல் எடுத்துத் தெருவிலோ வீடு வீடாகவோ போய் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும்.

டியூஷன் பிள்ளைகளின் முகத்தைப் போடுவது பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் கூடாது. கையெழுத்து இருந்தாலும் 'ஏழைப் பிள்ளை' என்று தலைப்பு கூடாது. அந்தப் பிள்ளை நாளை இடைநிலைப் பள்ளியில் நண்பர்கள் முன் அந்தப் படத்தைச் சந்திக்க வேண்டும். படத்துக்குப் பிள்ளைகள் எழுதிய எழுத்து, நோட்டுப் புத்தகம், கரும்பலகை, சொல்லிக்கொடுக்கும் அண்ணன் அக்காமார் இவையே போதும். படங்களை வடிவமைக்க உதவும் கான்வா செயலி, தன் கட்டணச் சேவையைத் தகுதியுள்ள தொண்டு இயக்கங்களுக்கு இலவசமாகத் தருகிறது. கூகுளும் தகுதியுள்ள இயக்கங்களுக்கு மாதம் 10,000 அமெரிக்க டாலர் வரை தேடல் விளம்பரம் இலவசமாகக் கொடுக்கிறது. அதைக் கட்டி மேய்க்க ஒருவர் வேண்டும் என்பதால் அவசரமில்லை.

தண்ணீர்ப் பந்தலில்தான் உண்மையான வேலை இருக்கிறது. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தைப்பூசத்தன்று காலடியில் மிதிபடும் கோப்பைகளைப் பார்த்திருப்பீர்கள். காகிதக் கோப்பையிலும் அதே பூச்சுதான். பெரிய குழாய்த் தொட்டி வைத்து 'பாட்டில் கொண்டு வாருங்கள், நிரப்பித் தருகிறோம்' என்று பத்து நாள் முன்பிருந்தே சொல்லட்டும். பாட்டில் இல்லாதவருக்கு எவர்சில்வர் டம்ளர், அங்கேயே கழுவ இரண்டு பேர். காவடி எடுப்பவருக்கு மட்டும் கோப்பை. போன ஆண்டு கோப்பை வாங்கிய பில்லையும் இந்த ஆண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துப் போட்டால் வேறு ஆதாரமே வேண்டாம்.

விளம்பர நிறுவனத்துக்கு என்ன பதில்? லோகோவும் 20 பதிவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு விருந்தில் ஒரு நாள் படம் எடுத்துத் தர எவ்வளவு என்று கேளுங்கள். சமையல், பந்தி, இலை எடுப்பது, தராசு எல்லாம் அன்றே எடுத்துவிடலாம். விலை ஒத்துவந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பேனரில் உங்கள் பெயர், வாட்சப் எண், 'வாழை இலைப் பந்தி' என்று மட்டும் இருக்கட்டும்.