கல்யாண கேசட்டும் 4கே வியாபாரமும்

கேள்வி: எங்கள் திருமணம் 1996-இல் நடந்தது. அதன் வி.எச்.எஸ். கேசட்டை 2008-இல் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். மகளின் காதுகுத்து 2004-இல் எடுத்த மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) நாடாவில் இருக்கிறது. தை மாதம் மகளுக்குத் திருமணம். இரண்டையும் சேர்த்து 20 நிமிடப் படமாக நானே எடிட் செய்ய உட்கார்ந்தேன். டிவிடி கோப்புகளைப் போட்டால் படம் திக்குகிறது. யாராவது கையை அசைத்தால் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரிகின்றன. எச்.265தான் புதியது, அதற்கு மாற்றுங்கள் என்கிறான் தம்பி மகன். கடைக்காரரோ கேசட்டுக்கு 4,000 ரூபாய் கொடுத்தால் 4கே ஆக்கித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது? — காரைக்குடி வாசகி

பதில்: முதலில் அந்த 4,000 ரூபாயை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் கேசட்டில் இருக்கும் படத்துக்கு உயரவாக்கில் 576 வரிகள். 4கே படத்துக்கு 2,160 வரிகள். நடுவே இல்லாத வரிகளைக் கணினி ஊகித்துத்தான் நிரப்பும். என் உறவினர் ஒருவர் இப்படி ஆக்கிக்கொண்டு வந்த படத்தைப் பார்த்தேன். எல்லோர் முகமும் மெழுகு பூசியது போல வழவழவென்று இருந்தது. பாட்டியின் மூக்குத்தியை அழுக்குப் புள்ளி என்று எண்ணி மென்பொருள் துடைத்துவிட்டிருந்தது. கடைக்காரர் அதைத்தான் ‘சுத்தம் செய்தோம்’ என்றாராம்.

இனி உங்கள் தம்பி மகனுக்கு. எச்.265, எச்.264 இரண்டும் படத்தைச் சுருக்கி அனுப்புவதற்கும் பார்ப்பதற்கும் ஏற்றவை. பெரும்பாலும் சில பிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். நீங்கள் நடுவில் ஓரிடத்தில் வெட்டினால், கணினி முன்னும் பின்னும் ஓடி அந்தப் பிரேமைக் கட்டியெழுப்ப வேண்டும். டிவிடியில் உள்ள எம்பெக்-2 முறையும் இதே இனம்தான். படம் திக்குவதற்கு இது ஒரு காரணம். எடிட்டிங்குக்கு ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாக முழுதாக இருக்கும் கோடெக் (படத்தைச் சுருக்கிப் பதியும் முறை) வேண்டும். ஆப்பிளின் புரோரெஸ், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகியவை அப்படிப்பட்டவை. கோப்பு பெரிதாகும், இரண்டு மணி நேரக் கல்யாணம் 70, 80 ஜிபியைத் தொடலாம். பயப்படாதீர்கள், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

‘எம்பி4 ஆக மாற்றித் தருகிறோம்’ என்று கடைப் பலகையில் எழுதியிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எம்பி4 என்பது கோடெக் அல்ல, அதை உள்ளே வைக்கும் தூக்குவாளி. உள்ளே சாம்பாரா ரசமா என்று வாளி சொல்லாது.

டிவிடியிலிருந்து தொடங்குங்கள். அதில் விஓபி என்று முடியும் கோப்புகள் ஒவ்வொன்றும் அதிகம் போனால் ஒரு ஜிபி இருக்கும். ஒரே படத்தைத்தான் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக எடிட்டிங்கில் போட்டால் இணைப்பில் ஒலி தடுமாறும். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் வரிசையாக இணைத்து, புரோரெஸுக்கு மாற்றுங்கள். அப்போதே டீஇன்டர்லேஸ், அதாவது அரைப்படங்களை முழுப்படங்களாக்கும் வேலையையும், செய்துவிடுங்கள். சீப்புக் கோடுகள் அதனால்தான் போகும். நம் பழைய வீடியோ ஒரு நொடிக்கு 50 அரைப்படங்களாக, ஒற்றை வரி ஒரு தடவை, இரட்டை வரி மறு தடவை என்று பதிவானது. அதை 25 முழுப்படமாகக் குறைக்காமல் 50 ஆகவே விரித்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். படம் முன்னும் பின்னும் துடித்தால் அரைப்படங்களின் வரிசை தலைகீழாகியிருக்கிறது என்று பொருள். அந்த அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக்கும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது முடித்த படத்தைச் சுருக்கும் கடைசி வேலைக்கு உரியது. ஷட்டர் என்கோடர், ஹேண்ட்பிரேக் இரண்டுக்கும் உள்ளே உழைப்பது பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் குழுவின் இலவச நிரல்கள். அதே நிரலுக்குச் சட்டை மாட்டி, ‘ஆயுட்கால உரிமம்’ என்று பணம் கேட்கும் மென்பொருள்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். இலவசம் என்று இறக்கினால் படத்தின் நடுவே தன் பெயரை முத்திரை குத்தும். எதையும் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வீடியோவை இணையத்திலேயே மாற்றித் தரும் தளங்களில் குடும்பப் படத்தை ஏற்றவே வேண்டாம்.

மேலே சொன்ன கோடெக் மாற்றம் உங்கள் காதுகுத்து நாடாவுக்குப் பொருந்தாது, டீஇன்டர்லேஸ் மட்டும் இதற்கும் உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். மினி டி.வி. என்ற பெயரைக் கேட்டுச் சின்னத் தொலைக்காட்சி என்று நினைக்கிறவர்கள் இன்னும் உண்டு. அந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. அதன் கோடெக்கும் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக வைக்கும் வகைதான். ஆகவே அதை எடிட்டிங்குக்கென்று புரோரெஸாக மாற்ற வேண்டியதில்லை, எச்.265 ஆக்கவும் வேண்டியதில்லை. நாடாவில் இருப்பதை அப்படியே கணினிக்கு நகல் எடுத்தால் போதும். மணிக்கு 13 ஜிபி வரும், தரம் இம்மியும் குறையாது. இதற்குக் கேமராவிலிருந்து ஃபயர்வயர் கம்பி வேண்டும், கணினியிலும் அதற்கான இணைப்பு வேண்டும். புதிய கணினிகளில் அது இல்லை. அதனால் கடைக்காரர் என்ன செய்கிறார்? மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் செருகி, சில நூறு ரூபாய் யுஎஸ்பி கருவி வழியாக மறுபடி பதிவு செய்கிறார். டிஜிட்டலை அனலாகாக்கி, அதை மீண்டும் டிஜிட்டலாக்கி, உங்களிடம் பணமும் வாங்கிக்கொள்கிறார். கேமராவிலேயே யுஎஸ்பி துளை இருக்கிறதே என்பீர்கள். அந்தக் காலக் கேமராக்கள் பலவற்றில் அது புகைப்படம் எடுத்துக்கொள்வதற்கு மட்டும்தான். கடைக்குப் போனதும் ‘ஃபயர்வயரில் எடுப்பீர்களா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விழித்தால் நாடாவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

1996 கேசட் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால், 2008 டிவிடியை நம்பாமல் கேசட்டிலிருந்தே மறுபடி எடுப்பது மேல். மூன்று மணி நேரக் கல்யாணத்தை 4.7 ஜிபி வட்டில் திணித்திருந்தால் தாலி கட்டும்போது அட்சதை பறக்கிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். ஆனால் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவின் ஓரத்தில் வெண்பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள், பூஞ்சை. நாடாவும் கெடும், கேசட்டை ஓட்டும் டெக்கின் தலையும் கெடும். நல்ல டெக் கிடைப்பதும் அரிதாகிவிட்டது, வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016-இல் நிறுத்திவிட்டது. நாற்பது வருடம் ஊரெல்லாம் விற்ற ஒரு பொருளுக்கு உதிரிபாகம்கூட வைக்காமல் கை கழுவுகிற தொழில் இது. கேசட்டைக் கடையில் கொடுத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்து, 576 வரியில், டீஇன்டர்லேஸ் செய்யாமல் (அதை நீங்களே பிறகு செய்துகொள்ளலாம்), புரோரெஸில் வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கேசட்டைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

எடிட் முடிந்து கடைசியாக வெளியே எடுக்கும்போது மட்டும் எச்.264. பழைய படம் நான்குக்கு மூன்று அளவு; திரையை நிரப்ப இழுக்காதீர்கள், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உங்கள் மாமனார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பருமனாகத் தெரிவார். இரு ஓரமும் கறுப்பாக இருக்கட்டும். 1080 வரியில், நொடிக்கு 15 மெகாபிட் வைத்தால் 20 நிமிடம் சுமார் 2.3 ஜிபி வரும். ஃபேட்32 பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, இது அதற்குள் அடங்கிவிடும். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மண்டபத்துக் கருவியில் ஒரு தடவை செருகி, ஒலியோடு கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.