கேஸ் இருக்கிறவர கண்காணிப்பு ஆணையரா போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு அதிகாரி மேல கேஸ் மட்டும்தான் இருக்கு, தீர்ப்பு வரல. அவருக்கு ஊழல் கண்காணிப்பு ஆணையர் பதவி கொடுக்கக் கூடாதுன்னு சொல்றது நியாயமா சார்? (வாசகர், தேனி)

பதில்: நியாயம்தாங்க. ஜெயிலுக்கு அனுப்பத்தான் குற்றம் நிரூபணமாகணும், பதவிங்கிறது யாருக்கும் உரிமை கிடையாதே. 2010 செப்டம்பர்ல பி.ஜே. தாமஸ மத்திய கண்காணிப்பு ஆணையரா போட்டாங்க, ஞாபகம் இருக்கா? கேரளா கேடர் ஐஏஎஸ், அப்போ டெலிகாம் செயலாளர். 1990-கள் ஆரம்பத்துல கேரளா உணவுத்துறை செயலாளரா இருந்தப்போ நடந்த பாமாயில் இறக்குமதி ஊழல் கேஸ்ல அவரும் குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல ஒருத்தரா சேர்க்கப்பட்டவர், அந்த கேஸ் கோர்ட்டுல அப்படியே கிடந்துச்சு. இப்போ யோசிச்சு பாருங்க, ஊழல் கேஸ்ல சிபிஐ விசாரணைய மேற்பார்வை பாக்குறதே இந்த மத்திய கண்காணிப்பு ஆணையம் (சிவிசி) தான், அந்த நாற்காலில உக்கார்றவரே இன்னொரு ஊழல் கேஸ்ல கூண்டுல நிக்கணும்னா எந்த அதிகாரி அவர் பேச்ச மதிப்பான், புகார் கொடுக்க வர்ற சாதாரண ஆளு எத நம்பி வருவான்?

சுப்ரீம் கோர்ட் 2011 மார்ச் 3-ம் தேதி நியமனம் செல்லாதுன்னு சொன்னப்போ, தாமஸ் நல்லவரா கெட்டவரான்னு தீர்ப்பு எழுதவே இல்ல. அந்த அமைப்போட நம்பகத்தன்மை என்ன ஆகும்னு மட்டும்தான் பாத்தாங்க. எனக்கு இதவிட வேதனையான விஷயம் வேற ஒண்ணு, 2000-ல இருந்து 2004 வரைக்கும் மத்திய பணியாளர் துறை ஃபைல்லயே அவர் மேல துறை நடவடிக்கை எடுக்கலாம்னு ஆறு தடவ குறிப்பு எழுதி வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ணு கூட தேர்வு கமிட்டி முன்னாடி போகல, கொடுத்த பயோடேட்டாவுலயும் கேஸ் பத்தி ஒரு வரி கிடையாது. மாப்பிள்ளை பாக்க போனா கூட நாலு இடத்துல விசாரிக்கிறோமே!

கேள்வி: கமிட்டில பிரதமர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சி தலைவர்னு மூணு பேர். ரெண்டு பேர் ஒரே பக்கம்னா மூணாவது ஆளு எதுக்கு? (வாசகி, காரைக்குடி)

பதில்: அன்னைக்கும் அதேதாம்மா நடந்துச்சு. மன்மோகன் சிங்கும் ப. சிதம்பரமும் சரின்னாங்க, சுஷ்மா ஸ்வராஜ் அந்த கேஸ சொல்லி வேணாம்னாங்க, ரெண்டுக்கு ஒண்ணுன்னு முடிச்சிட்டாங்க. எதிர்க்கட்சி தலைவருக்கு தடுக்குற அதிகாரம் இருக்குன்னு கோர்ட்டும் சொல்லல, ஆனா மறுக்கிறவங்க காரணத்த எழுதணும், அதையும் மீறி போடுறவங்களும் ஏன்னு எழுதணும், ஃபைல் முழுசா மேசைக்கு வரணும்னு சொல்லிடுச்சு. இந்த எழுதுற விஷயத்த சின்னதா நினைக்காதீங்க, பின்னாடி யாராவது கோர்ட்டுக்கு போனா பேசுறது அந்த பேப்பர்தான். அன்னைக்கு சுஷ்மா சொன்னத காதுல வாங்கி, அந்த பழைய ஃபைல கொண்டாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆறே மாசத்துல ஆணையர் பதவிய விட்டு போற நிலைமை வந்திருக்காது, பிரதமரும் பார்லிமெண்ட்ல பொறுப்பேத்துக்கிட்டு நின்னிருக்க வேண்டியதில்ல.