பாட்டி பேசும் ஐரிஷ்

கேள்வி: எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். மூன்று வருடமாக அயர்லாந்தின் கால்வே நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். மழை, பஸ் பயணம், நைட் டூட்டி முடிந்து வந்து வைக்கிற ரசம் என்று அன்றாடத்தைச் சின்னச் சின்ன வீடியோவாகத் தமிழில் போட்டு வருகிறேன். என் மகள் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறாள். இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி, கால்வேக்கு மேற்கே உள்ள கானமாரா பக்கத்துக்காரர், இரவு நேரத்தில் என்னிடம் ஐரிஷில்தான் பேசுவார். கேட்டுக் கேட்டு நானும் கற்க ஆரம்பித்துவிட்டேன். இந்த மண்ணின் கேலிக் பாரம்பரியத்தைப் பற்றி வீடியோவில் சொல்ல ஆசை. 'செத்த மொழியைப் படித்து என்ன ஆகப்போகிறது' என்கிறார்கள் ஊரில். 'எங்கள் பாரம்பரியத்தைப் பற்றிப் பேச நீ யார்' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்த உரிமை இல்லையா? பாட்டி பேசுவதைப் பதிவு செய்து போடலாமா?
– ஒரு வாசகி, கால்வே

பதில்: அன்புள்ள தங்கைக்கு, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போடக் கூடாது. முகம் தெரியாமல் குரலை மட்டும் போட்டாலும் கூடாது. கானமாரா மாதிரி இடத்தில் ஒரு குரலையும் இரண்டு வார்த்தையையும் வைத்தே 'இது இன்னார் வீட்டு அம்மா' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நடுராத்திரியில் போர்வையைச் சரி செய்யும் நர்ஸிடம் பேசுவதாக நினைத்துத்தான் அவர் பேசுகிறார். அந்தப் பேச்சு அந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் வேலைக்கும் நர்ஸ் பதிவுக்கும் ஆபத்து என்பது இருக்கவே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒன்று செய்யுங்கள். அவருடைய பிள்ளைகள் பார்க்க வரும்போது, 'அம்மா ராத்திரியில் அழகாக ஐரிஷ் பேசுகிறார்' என்று சொல்லுங்கள். பாட்டிக்குச் சம்மதம் என்றால் அவர்கள் பதிவு செய்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அதன் அருமைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே மான் தீவு இருக்கிறது. அங்கே பேசிய மாங்க்ஸ் மொழி, ஐரிஷுக்கு உடன்பிறப்பு. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மேட்ரெல் 1974-ல் இறந்துபோனார். 1948-லேயே அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையத்திலிருந்து ஆட்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு தீவுக்குப் போய், அவரையும் அவர் வயதொத்த சிலரையும் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். இன்று அந்தத் தீவில் மாங்க்ஸ் கற்கும் பிள்ளைகளுக்குப் பழைய உச்சரிப்பு காதில் விழுகிறதென்றால், அந்த மாதிரிப் பதிவுகளால்தான்.

அப்புறம், செத்த மொழி என்ற பேச்சு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேச வரும் என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் என்று பார்த்தால் சுமார் 72 ஆயிரம் பேர்தான். எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. ஏன் குறைந்தது என்பதைத்தான் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அதிகம் அடிபட்டது மேற்குக் கரையின் ஏழைகள், அதாவது ஐரிஷ் பேசியவர்கள். பிழைத்தவர்கள், கப்பல் ஏறவாவது ஆங்கிலம் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அதையே பழக்கினார்கள். பல இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் அதில் ஒரு வெட்டு வெட்டுவார்கள். சாயந்தரம் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி.

இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் ஐம்பது காசு அபராதம். வகுப்புத் தலைவி ஒரு கோடு போட்ட நோட்டில் பெயர் எழுதுவாள். விளையாடும்போது கீழே விழுந்து 'அம்மா' என்று கத்தியதற்கு என் பெயர் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் வீடியோ பார்ப்பவர்களிலும் இப்படி அபராதம் கட்டியவர்கள் இருப்பார்கள். அந்தக் குச்சியைப் பற்றிச் சொல்லுங்கள், அவர்களுக்கு உடனே புரியும்.

'நீ யார்' என்று கேட்டவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பச்சைத் தொப்பி, லெப்ரகான் என்ற கதைக் குள்ளன், நான்கு இலை க்ளோவர் என்று தங்களைப் பொம்மையாக்கி விற்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். அந்த வலி நியாயமானது. அரன் தீவு ஸ்வெட்டரையே பாருங்கள். 'குடும்பத்துக்கு ஒரு பின்னல், கடலில் மூழ்கியவரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்' என்று கடைக்காரர்கள் சொல்லும் கதை பிற்காலத்தில் கட்டியது. இந்த மாதிரிக் கதைகளைச் சரிபார்க்காமல் திருப்பிச் சொல்லாமல் இருந்தாலே பாதி மரியாதை செய்த மாதிரி. இன்னொன்று: 'கேலிக்' என்ற சொல். அங்கே அதைக் கேட்டால் 'கேலிக் கால்பந்து' என்ற விளையாட்டைத்தான் நினைப்பார்கள், இல்லாவிட்டால் ஸ்காட்லாந்து மொழி என்று. அவர்கள் தங்கள் மொழியை ஆங்கிலத்தில் ஐரிஷ் என்றும், அந்த மொழியிலேயே கேல்கெ என்றும் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். அந்த ஊரில் சம்பாதித்து வரி கட்டுகிறீர்கள், உங்கள் மகள் அந்த மொழியில் பாட்டுப் பாடுகிறாள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டி விடுகிறீர்கள். கற்றுக்கொள்ளவும் கற்றதைச் சொல்லவும் இதற்கு மேல் என்ன வேண்டும்? கெட்டிக்கார ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல் என்று அவர்களிடமே ஒரு பழமொழி இருக்கிறது. உடைந்த ஐரிஷிலேயே பேசுங்கள்.

என்ன சொல்வது என்று யோசிக்கவே வேண்டாம். ஐரிஷில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று வினைச்சொல்லால்தான் பதில். நமக்கு 'ஆமாம்' இருந்தும் வீட்டில் அப்படித்தானே பேசுகிறோம்? பசித்தால் 'டா ஒக்ரஸ் ஒரம்' என்பார்கள். பசி என்மேல் இருக்கிறது என்று பொருள். வருத்தமும் அப்படியே மேலே வந்து உட்காரும். 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லி வளர்ந்தவளுக்கு ஆங்கிலத்தைவிட இது பக்கத்தில் இருக்கிறது. என்னிடம் புத்தகம் இருக்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் வாக்கியத்தில், 'என்னிடம்' என்பது 'அகம்' என்றே காதில் விழும். இங்கேதான் கவனம் வேண்டும். 'பார்த்தீர்களா, ஐரிஷ் தமிழிலிருந்து வந்தது' என்று ஒரு வீடியோ போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்கள். போடாதீர்கள். ஐரிஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளை, நம்முடையது திராவிடம். உறவு கொண்டாடாமலேயே இரண்டையும் ரசிக்கலாம்.

உங்கள் ரசமும் பஸ்ஸும் பாரம்பரியத்துக்குச் சம்பந்தமில்லாதவை என்று நினைக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம் வந்தது. 1937-லிருந்து 1939 வரை அயர்லாந்தில் சுமார் 5 ஆயிரம் தொடக்கப் பள்ளிகளில் படித்த 50 ஆயிரம் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டுத் தாத்தா பாட்டியிடம், அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வா என்று. பிள்ளைகள் எழுதி வந்தது வெண்ணெய் கடைந்த விதம், கை வைத்தியம், வானிலைக் குறி, விடுகதை, பேய்க் கதை. தினப்படி வாழ்க்கைதான். அந்த நோட்டுகள் இன்று டூகஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் கையெழுத்தோடு அப்படியே இருக்கின்றன, காசில்லாமல் படிக்கலாம். கால்வே மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து மகளோடு உட்கார்ந்து ஒரு பக்கம் படியுங்கள். அப்புறம் நாகர்கோவில் பாட்டிக்குப் போன் போட்டு, அதே கேள்வியை அவரிடமும் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

முதல் வீடியோவுக்கு ஒரு யோசனை. ரோட்டுப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மேலே சாய்ந்த எழுத்தில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கால்வேயின் சால்ட்ஹில் கடற்கரைக்கு ஐரிஷில் போஹர் ந ட்ரா என்று பெயர், கடற்கரைச் சாலை. அங்கிருந்து கடலோரமாக மேற்கே பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தால் ஆங்கிலப் பெயர்கள் பலகையிலிருந்து மறைந்துவிடும், ஐரிஷ் மட்டுமே மிஞ்சும். அந்த வழியில் ஸ்பிடல் என்று ஒரு ஊர் வரும். மருத்துவமனை என்ற பழைய சொல்லிலிருந்து வந்த பெயர். லீவு நாளில் மகளோடு அங்கே இறங்கி, கடையில் ஐரிஷில் ஒரு டீ கேளுங்கள். மறுநாள் டூட்டிக்குப் போனதும் பாட்டியிடம் ஸ்பிடலுக்குப் போய் வந்தேன் என்று சொல்லுங்கள், கேமரா இல்லாமல்.