ஏறித்தான் வெளியே வரவேண்டும்

அன்புள்ள சார்,

போன சனிக்கிழமை (செப்டம்பர் 7, 2024) அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி டெக்சாஸிடம் 31–12 என்று தோற்றது. மகன் அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறான், அவனோடு போயிருந்தேன். ஜனவரியில் தேசிய சாம்பியன் ஆன அணி. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 23 ஆட்டம் ஜெயித்திருந்தது. இடைவேளைக்குள்ளேயே 24–3. முன்வரிசைக்காரர்கள் பாதியில் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் கடைசிவரை இருந்தோம். அவன் அறைவரை நடந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அங்கே படித்தவன்கூட இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, மனைவி சிரிக்கிறாள். இருபது வயதுப் பையன்கள் தோற்றதற்கு எனக்கு ஏன் இப்படி ஆகிறது? அடுத்த வார டிக்கெட்டை விற்றுவிடலாமா என்று இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிரிக்கட்டும். நானும் அங்கே படித்தவன் இல்லை. அந்த ஊரில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன், அவ்வளவுதான். (மற்ற வாசகர்களுக்கு: இது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.)

டெக்சாஸ் முறையாக அடித்தது. இடைவேளையிலேயே தெரிந்துவிட்டதால் மனசு தயாராக நேரம் கிடைத்திருக்கும். எனக்கு அது கிடைக்கவில்லை. 2015 அக்டோபர் 17, எதிரே பங்காளி மிச்சிகன் ஸ்டேட். மிச்சிகன் 23–21 என்று முன்னால், மிச்சம் பத்தே விநாடி. பந்தை உதைத்துத் தூரத் தள்ளினால் ஆட்டம் முடிந்தது. தாழ்வாக வந்த பந்து, உதைக்கவேண்டிய எங்கள் பையனின் கையில் நிற்கவில்லை. எதிரணிக்காரர் ஒருவர் அதைப் பிடித்து 38 கஜம் ஓடி முடித்தபோது கடிகாரத்தில் பூஜ்யம். 27–23. அந்த ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட் முந்தியதே அப்போதுதான். ஓடியவருக்கு இடுப்பு முறிந்து, ஜெயித்த கையோடு மருத்துவமனைக்குப் போனார்.

இரண்டு கையையும் தலையில் வைத்து வாய்பிளந்து நின்ற ஒரு மாணவரை டிவியில் காட்டினார்கள். இன்றும் அந்தப் படம் சுற்றுகிறது. ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நின்றோம்.

அந்த மைதானம் பள்ளத்தில் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 1927இல் தரையைத் தோண்டிக் கட்டியது. உள்ளே போகும்போது இறங்குகிறோம், வெளியே வர ஏறவேண்டும். ஜெயித்த நாளில் படிகள் இருப்பதே தெரியாது. அன்று முழங்கால் வலித்தது. வலியோடு வாயும் ஓயவில்லை: "ஒரு பந்தைப் பிடிக்கத் தெரியாதவனையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறார்கள்?" முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஒரு பாட்டி நின்று திரும்பினார். "மத்தியானம் 80 கஜம் உதைத்தானே, அப்போது எழுந்து நின்று கத்தினாய். அதுவும் இவன்தான்."

எனக்குப் பதில் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த பையன். அன்று ராத்திரி அவனைச் செத்துப்போகச் சொல்லிக்கூட இணையத்தில் எழுதினார்கள். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டிவந்தது. நான் எழுதவில்லைதான். ஆனால் படிக்கட்டில் நான் சொன்னதும் அதே சரக்கு, கொஞ்சம் தண்ணீர் கலந்தது. உங்கள் கடிதத்தில் எந்த வீரர் பெயரும் இல்லை, கவனித்தேன். என்னைவிடத் தேவலை நீங்கள்.

ஏன் வலிக்கிறது என்றால், வெளியூரில் தோற்றால் டிவியை அணைத்துவிடலாம். உள்ளூரில் தோற்றால் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டே அத்தனை பேரோடும் வீடுவரை நடக்கவேண்டும். இதற்குப் பட்டம் எதற்கு, நடந்தவனுக்கெல்லாம் வலிக்கும். அப்புறம், மகன் பேசாமல் வந்ததைப் பெரிதாக எடுக்காதீர்கள். அந்த வயதில் அப்பாவோடு பேசாமல் நடக்க ஆயிரம் காரணம் இருக்கும். இந்தத் தடவை உங்களுக்கும் அதே காரணம். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

டிக்கெட்டை விற்கவேண்டாம். வருவது அர்க்கன்சஸ் ஸ்டேட். "சின்ன டீம்தானே" என்று பக்கத்து இருக்கைக்காரர் ஆரம்பித்தால் மட்டும் வாயை அடைத்துவிடுங்கள். 2007இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டையும் அப்படித்தான் சொன்னோம். அதே மைதானம், 34–32.