காசோலை திரும்பினால் எந்தப் பக்கம்?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் மகனோடு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தீர்கள். அவர் வெளியே போனதும், "யூடியூபரா வரப்போறானாம், ஏ.எல். பரீட்சை எழுத மாட்டானாம் மிஸ்" என்று கண் கலங்கினீர்கள். அன்று நேரம் போதவில்லை, அதனால்தான் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் காசு. யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதங்களுக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷோர்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களுக்கு 90 நாட்களில் ஒரு கோடி பார்வைகள். அதற்குப் பிறகும் 100 டொலர் சேரும்வரை கைக்கு ஒன்றும் வராது. மகனுக்கு இன்னும் 18 ஆகவில்லை, ஆகவே பெரியவர் ஒருவரின் கணக்கோடு இணைத்தால்தான் பணம் வரும். உங்களுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம் இல்லை, அந்தப் பயத்தை விடுங்கள்.

சரி, நான் கவனித்தது வேறொன்று. மகனுடைய டிக்டொக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். பாட்டுக்கு வாயசைக்கும் வீடியோக்களுக்குப் பார்வை நிறைய, ஆனால் கீழே "சூப்பர் ப்ரோ"வைத் தவிர ஒன்றுமில்லை. ஒரே ஒரு வீடியோவில் கணக்கீட்டுப் பாடத்தில் வரும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை, அதாவது நம் காசேட்டு மீதியையும் வங்கி காட்டும் மீதியையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை, வெள்ளைப் பலகையில் எழுதி விளக்கியிருந்தார். அதற்குப் பார்வை குறைவு. ஆனால் ஹட்டனிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள்: "அண்ணா, வங்கியில இருந்து காசோலை திரும்பினா கணக்கில எந்தப் பக்கம் போடுறது?" மூன்று வாரமாக ஒருவருக்கும் பதில் இல்லை! வாசலில் வந்து நிற்கிறவர்களை விட்டுவிட்டு, தெருவில் போகிறவர்களுக்குக் கை காட்டுகிறார் உங்கள் மகன்.

அவருக்கு நான் சொன்னது இதுதான். வாரத்துக்கு ஒரு வீடியோ, கணக்கீடு மட்டும். வந்த கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் எழுத வேண்டும், அதிகம் பேர் கேட்டதை அடுத்த வீடியோவாக்க வேண்டும். பதில் சொல்வதற்காகவாவது புத்தகத்தைத் திறப்பார் என்பது என் கணக்கு, அதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். காசு கொடுத்து ஃபொலோவர்ஸ் வாங்கும் யோசனையும் அவருக்கு இருந்தது. யூடியூபில் அது விதிமீறல், சனலே போய்விடலாம். அதைவிட, வாங்கிய கணக்குகள் வீடியோவைப் பார்ப்பதில்லை.

ஏ.எல்.லை விடுவதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் முகாமைத்துவத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. இவர் விரும்புகிற வேலைக்கு நேரான வழி அது, ஆனால் உள்ளே போக ஏ.எல்.லில் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளியை, எட்ட வேண்டும். சிங்களத்தையும் விடாமல் பழகட்டும். இரண்டு மொழியிலும் எழுதி, பேசி, எடிட் பண்ணத் தெரிந்தவருக்குக் கொழும்பு விளம்பர நிறுவனங்களில் மதிப்பு உண்டு.

போனைப் பறிக்க வேண்டாம். ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி நேரம் வீடியோவுக்கு என்று நீங்களே ஒதுக்கிக் கொடுங்கள். அடுத்த முறை வரும்போது, அந்தக் காசோலைக் கேள்விக்கு என்ன பதில் போட்டார் என்று எனக்குக் காட்டச் சொல்லுங்கள்.