கூகுள் அடுத்து என்ன கொண்டுவரும்? முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி?

கூகுளின் புதிய பொருள், புதிய சேவை பற்றி வாரம் தவறாமல் ஏதாவது ஒரு கசிவுச் செய்தி வந்துவிடுகிறது. அவற்றில் எதை நம்பலாம், நாமே எப்படித் தேடிப் பார்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கே: 'கூகுளில் இது வரப்போகிறது' என்று படிக்கிறேன். ஒன்று அடுத்த மாதமே வந்துவிடுகிறது. இன்னொன்று வருடக்கணக்கில் வருவதே இல்லை. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? (திண்டுக்கல் வாசகர்)

ப: 2006 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே மாதத்தில் கூகுளிலிருந்து இரண்டு செய்திகள் கசிந்தன. முதலாவது, 'சிஎல்2' என்ற உள்பெயரில் தயாராகிக்கொண்டிருந்த நாட்காட்டி. அதன் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) மார்ச் 8 அன்று வெளியே வந்தன. ஏப்ரல் 13 அன்று கூகுள் கேலண்டர் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. ஐந்தே வாரம்.

இரண்டாவது, பயனரின் எல்லாக் கோப்புகளையும் கூகுளே வைத்துக்கொள்ளும் 'ஜிடிரைவ்'. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான கூட்டத்தில் காட்டிய ஸ்லைடுகளை இணையத்தில் ஏற்றியபோது, பேச்சாளருக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகளை நீக்க மறந்துவிட்டார்கள். பெயர் அந்தக் குறிப்புகளில் இருந்தது. கூகுளே எழுதிய வரி என்பதால் திரைப்பிடிப்புகளைவிட இதுதான் உறுதியான சான்று என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் கூகுள் டிரைவ் வந்தது 2012 ஏப்ரல் 24 அன்று. ஆறு வருடம் ஆயிற்று. இடையில், 'இனிமேல் ஆவணம் எல்லாம் கூகுள் டாக்ஸ் போல இணையத்திலேயே இருக்கும், கோப்பு என்பதே பழைய கதை' என்ற வாதம் நிறுவனத்துக்குள் வென்று, வேலை நிறுத்தப்பட்டு, பிறகு மறுபடி தொடங்கியது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? நாட்காட்டியில் பட்டன், நிறம், மெனு எல்லாம் முடிந்து, வெளி ஆட்கள் சிலர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவ் வெறும் எண்ணம். ஆகவே 'இதைச் சொன்னது யார்?' என்பதோடு நின்றுவிடாமல், 'பயனரின் கைக்கு இது எவ்வளவு அருகே வந்திருக்கிறது?' என்றும் கேளுங்கள். உதவிப் பக்கமும், விலையும், 'தொடங்கு' என்ற பட்டனின் வாசகமும் கண்ணில் பட்டால் வாரக்கணக்கு. உள்பெயர் மட்டும் கிடைத்தால் தேதியே சொல்லாதீர்கள். 'இருக்கிறது' என்பது ஒரு கணிப்பு, 'வரும்' என்பது வேறொரு கணிப்பு. பெரும்பாலான செய்திகள் முதலாவதுக்குச் சான்று காட்டிவிட்டு இரண்டாவதைத் தலைப்பில் போட்டுவிடுகின்றன.

கே: செயலியின் உள்ளே பார்த்து வரவிருக்கும் வசதியைக் கண்டுபிடிக்கிறார்களே, அதை வீட்டிலேயே செய்யலாமா? படிப்படியாகச் சொல்லுங்கள். (கோவைக் கல்லூரி மாணவி)

ப: தாராளமாகச் செய்யலாம். ஒரு கணினி, ஓர் ஆண்ட்ராய்டு போன், ஒரு யுஎஸ்பி கேபிள் போதும்.

போனின் செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் தேர்வுகள் திறக்கும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். கணினியில் ஆண்ட்ராய்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து 'பிளாட்ஃபார்ம் டூல்ஸ்' தொகுப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஏடிபி கருவியால், வேண்டிய செயலி போனில் எந்த இடத்தில் இருக்கிறது என்று 'பிஎம் பாத்' கட்டளை மூலம் கேட்டு, வரும் முகவரியை 'புல்' கட்டளையால் கணினிக்கு இழுக்க வேண்டும். ஒரே கோப்பு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். இப்போதெல்லாம் செயலி துண்டு துண்டாகத்தான் நிறுவப்படுகிறது. 'பேஸ்' என்ற பெயருள்ள கோப்பில் நிரல் இருக்கும், மொழியும் திரை அளவும் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 'ஏபிகேடூல்' கொண்டு பேஸ் கோப்பைப் பிரியுங்கள். இதற்குக் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். 'வேல்யூஸ்' அடைவுக்குள் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். திரையில் தோன்றும் வாசகங்களெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அதைத் தனியாகப் படித்துப் பயனில்லை. போன வாரப் பதிப்பின் அதே கோப்பை அருகில் வைத்து, புதிதாக முளைத்த வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். வேலையின் உயிரே இந்த ஒப்பீடுதான். அதனால் செயலியின் ஒவ்வொரு பதிப்பையும் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. முதலில், சில கூகுள் செயலிகளில் வரிகளின் பெயர்களைச் சுருக்கி அழித்துவிடுகிறார்கள். கருவி அவற்றுக்கு 'டம்மி' என்று தானே ஒரு பெயர் வைக்கும். அந்தப் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பெயரை வைத்து ஒப்பிட்டால் ஆயிரம் வரி புதிதுபோலத் தெரியும். வாசகத்தை வைத்து ஒப்பிடுங்கள். அடுத்தது, பழைய சோதனையில் மிஞ்சிய வரிகள். கைவிட்ட வசதியின் வாசகத்தை யாரும் அக்கறையாகத் துடைப்பதில்லை, அது வருடக்கணக்கில் கிடக்கும். அந்த வரியைக் கூப்பிடும் நிரல் இருக்கிறதா என்று 'ஜாடெக்ஸ்' கருவியில் தேடிப் பாருங்கள். கூப்பிட ஆளில்லாத வரி செத்த வரி. மூன்றாவதுதான் முக்கியம். நிரல், வாசகம், படம் எல்லாம் உங்கள் போனிலேயே இருந்தாலும் அதை இயக்கும் சுவிட்ச் கூகுளின் சர்வரில் இருக்கிறது. நூறில் ஒருவருக்குத் திறந்து பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் மூடிவிடுவார்கள். போனை ரூட் செய்து, அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுத்து, அந்தச் சுவிட்சை நீங்களே திருப்பலாம் என்று சொல்வார்கள். அன்றாடம் புழங்கும் போனில் வேண்டாம். வங்கிச் செயலிகள் வேலை செய்ய மறுக்கும்.

குரோம் உலாவியில் இந்தச் சிரமமே இல்லை. அதன் அடித்தளமான குரோமியம் திறந்த நிரல். முகவரிப் பட்டையில் குரோமின் 'ஃபிளாக்ஸ்' பக்கத்தைத் திறந்தால் சோதனையிலுள்ள வசதிகள் வரிசையாக நிற்கும். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் அது எந்தப் பதிப்பு எண்ணோடு காலாவதியாகும், பொறுப்பு யாருடையது என்று நிரல் கிடங்கின் 'ஃபிளாக் மெட்டாடேட்டா' கோப்பில் எழுதியிருக்கிறது. காலாவதி எண்ணைப் பதிப்புக்குப் பதிப்பு தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தால் வசதி இன்னும் தயாரில்லை என்று பொருள். கேனரி, டெவ், பீட்டா என்ற சோதனைப் பதிப்புப் படிகளில் பீட்டாவில் தானாகவே இயங்கும் நிலைக்கு வந்துவிட்டால், அடுத்த நிலையான பதிப்பில் எதிர்பார்க்கலாம்.

கே: கூகுள் ஒரு காப்புரிமை வாங்கியதாகச் செய்தி. பொருள் எப்போது கடைக்கு வரும்? (வேலூர்)

ப: காப்புரிமையை வைத்துத் தேதி சொல்லாதீர்கள். விண்ணப்பம் போட்டு 18 மாதம் கழித்துத்தான் அது பொதுவெளிக்கு வருகிறது. நீங்கள் படிப்பது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய யோசனை. பெரும்பாலானவை பொருளாக மாறுவதே இல்லை.

வணிகக் குறி (டிரேட்மார்க்) வேறு ரகம். பெயருக்குப் பணம் கட்டும் கட்டத்தில் பொருள் கிட்டத்தட்ட முடிவாகியிருக்கும். அதனால்தான் பெரிய நிறுவனங்கள் அமெரிக்காவில் முதலில் பதிவதில்லை. ஜமைக்கா, டிரினிடாட், டோங்கா போன்ற நாடுகளில் போய்ப் பதிகின்றன. அந்த அலுவலகங்களின் பதிவேட்டை வெளியிலிருந்து தேடிப் பார்ப்பது கடினம். தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் ஒப்பந்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் அமெரிக்காவில் விண்ணப்பித்தால் முதல் நாட்டில் பதிந்த தேதியே முன்னுரிமைத் தேதியாகிவிடும். அமெரிக்க விண்ணப்பம் ஒன்றில் முன்னுரிமை நாடு ஜமைக்கா என்று கண்டால் அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள்.

இணைய முகவரியைப் பதிவு செய்வதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004இல் 'ஜிபிரவுசர்' என்ற முகவரியைக் கூகுள் பதிந்ததும் உலாவி வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. குரோம் வந்தது 2008 செப்டம்பர் 2 அன்று, அந்தப் பெயரிலும் இல்லை. அதை உண்மையில் காட்டிக்கொடுத்தது அறிமுகத்துக்காக அச்சிட்ட சித்திரக்கதைப் புத்தகம். தபாலில் முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, ஒரு நாள் முந்தி வெளிப்பட்டுவிட்டது.

கே: கூகுள் ஒரு சிறு நிறுவனத்தை வாங்கினால் அதிலிருந்து என்ன ஊகிக்கலாம்? (மதுரை)

ப: மற்ற எல்லாத் தடயங்களையும்விட இது தெளிவாகப் பேசும். 2004 அக்டோபரில் செயற்கைக்கோள் படங்களால் பூமியைக் காட்டும் கீஹோலை வாங்கினார்கள். 2005 ஜூனில் கூகுள் எர்த். 2006 மார்ச்சில் இணையத்திலேயே ஆவணம் எழுத உதவும் ரைட்லி, அதே ஆண்டு அக்டோபரில் டாக்ஸ். ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த மென்பொருள் என்றால் ஏழெட்டு மாதத்தில் கூகுள் பெயரோடு வந்துவிட்டது. தொலைபேசி எண்ணோடு சம்பந்தப்பட்ட கிராண்ட்சென்ட்ரல் 2007 ஜூலையில் வாங்கப்பட்டு 2009 மார்ச்சில்தான் கூகுள் வாய்ஸ் ஆனது. போன் தயாரிப்பாளர், தொலைபேசி நிறுவனம் என்று வெளி ஆட்கள் பலர் ஒத்துழைக்க வேண்டியிருந்த ஆண்ட்ராய்டு 2005இல் வாங்கப்பட்டது. முதல் போன் கடைக்கு வந்தது 2008 அக்டோபரில். கூகுள் தனியாக முடிக்க முடியாத வேலை எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தாமதம் ஆகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2005இல் வாங்கிய, நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று செல்போனில் தெரிவிக்கும் டாட்ஜ்பால் 2009இல் மூடப்பட்டது. அதைத் தொடங்கியவர்கள் 2007லேயே வெளியேறிவிட்டார்கள். நிறுவனர்கள் கிளம்புகிறார்கள் என்றால் பொருள் வராது என்ற பக்கம் உங்கள் கணிப்பைச் சாயுங்கள்.

கே: பிக்சல் போன் வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது வாங்கலாமா, காத்திருக்கலாமா? (சேலம்)

ப: வன்பொருளில் கணிப்பது எளிது, காரணம் நாட்காட்டி. பிக்சல் 6, 7, 8 மூன்றும் அக்டோபரில் அறிமுகமாயின. 9, 10 இரண்டும் ஆகஸ்டுக்கு முந்திவிட்டன: 2024 ஆகஸ்டு 13, 2025 ஆகஸ்டு 20. விலை குறைந்த 'ஏ' வரிசை மே மாதத்திலிருந்து, 9ஏ வந்தபோது 2025 மார்ச் 19க்கு நகர்ந்தது. ஆகவே ஜூன், ஜூலையில் முழு விலை கொடுத்து முதன்மை மாடல் வாங்காதீர்கள். புதியது வந்ததும் பழையதின் விலை இறங்கும். பிக்சல் 8 முதல் ஏழு வருடம் அப்டேட் தருவதாகக் கூகுள் சொல்லியிருப்பதால், ஒரு வருடம் பழைய மாடலை வாங்கினாலும் ஆறு வருடம் மிச்சமிருக்கும்.

உறுதி செய்துகொள்ள அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பதிவேட்டில் கூகுளின் குறியீடான 'ஏ4ஆர்' போட்டுத் தேடுங்கள். ரேடியோ அலை வெளியிடும் எந்தக் கருவியும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் அங்கே விற்பனைக்கு வர முடியும். படங்களையும் கையேட்டையும் 180 நாள் வரை மறைத்து வைக்க அனுமதி உண்டு. ஆனால் எந்தெந்த அலைவரிசை, எந்த வைஃபை என்பது சோதனை அறிக்கையிலேயே இருக்கும். பெயர் இருக்காது, மாடல் எண் மட்டும் இருக்கும் என்பதால் எது எந்தப் போன் என்று ஊகிப்பதில்தான் தவறு நேர்கிறது. உள்பெயர்கள் அதற்குக் கொஞ்சம் உதவும். பிக்சல் 5 வரை பெரும்பாலும் மீன் பெயர்கள், 6இல் பறவைகள், 7இல் சிறுத்தை போன்ற பூனை இனங்கள், 8இல் நாய்கள், 9இல் பல்லியும் முதலையும்.

கே: புதிய வசதி தமிழுக்கு எப்போது வரும் என்று கணிக்க முடியுமா? (யாழ்ப்பாணம்)

ப: முன்பு தமிழ் தனியாக வரிசையில் நின்றது. இணையதளம் நடத்துபவருக்கு வருமானம் தரும் ஆட்சென்ஸ் விளம்பரம் இந்திக்கு 2014 டிசம்பரில் வந்தது. தமிழுக்கு 2018 பிப்ரவரி. மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி. தமிழில் எழுதியவர்களுக்கு அத்தனை வருட வருமானம் போயிற்று. ஆனால் ஒரே ஏஐ மாடலுக்குப் பல மொழிகளைப் பயிற்றும் முறை வந்தபின், இந்திய மொழிகள் கூட்டமாக வருகின்றன. ஏஐ மூலம் செய்யும் நியூரல் மொழிபெயர்ப்பு இந்திக்கு 2017 மார்ச்சில் வந்தது, தமிழ் உள்ளிட்ட மற்ற இந்திய மொழிகளுக்கு அடுத்த மாதமே. 2024 ஜூனில் ஜெமினி செயலி இந்தி, தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளுக்கு ஒரே நாளில். ஆகவே எழுத்து சார்ந்த வசதி என்றால் இந்தி வரும் நாளிலேயே, அல்லது கொஞ்சம் பின்னால், தமிழையும் எதிர்பார்க்கலாம். பேச்சு சார்ந்தது என்றால் அப்படி நம்ப வேண்டாம்.

செயலியைப் பிரித்துப் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு. போனின் மொழி தமிழாக இருந்தால் தமிழின் குறியீடான 'டிஏ' என்று முடியும் மொழித் துண்டு இறங்கும். அதில் புதிய வசதியின் பட்டன் அழகான தமிழில் இருக்கும். அது மொழிபெயர்ப்புக் குழு முடித்த வேலை. தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஏஐ மாடல் தயாரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உதவிப் பக்கத்தில் உள்ள 'ஆதரவுள்ள மொழிகள்' பட்டியலைப் பாருங்கள். அதில் தமிழ் ஏறியிருந்தால் நம்பலாம்.

கே: நான் சொல்லும் கணிப்புகள் பாதிக்குப் பாதி பலிக்கின்றன. திறமையா, அதிர்ஷ்டமா? (திருச்சி)

ப: நோட்டில் எழுதாதவரை தெரியாது. ஒவ்வொரு கணிப்புக்கும் எழுதிய தேதி, சான்று என்ன வகை, எந்தத் தேதிக்குள், நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று நான்கு கட்டம் போடுங்கள். தேதி கடந்ததும் மதிப்பிடுங்கள். 80 சதவீதம் என்று எழுதியது நடந்தால் 1லிருந்து 0.8ஐக் கழித்து வர்க்கம்: 0.04. நடக்காவிட்டால் 0.8இன் வர்க்கம்: 0.64. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுங்கள். குறைந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுபவருக்குக் கிடைப்பது 0.25. அதற்கு மேலே போனால் சான்றை நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள்.

முதல் பதிலில் சொன்ன பிரிவை இங்கேயும் வையுங்கள். 'இருக்கிறது' என்று ஒரு வரி, 'இந்தத் தேதிக்குள் வரும்' என்று இன்னொரு வரி. ஜிடிரைவ் கசிவைப் பார்த்துவிட்டு 2006 டிசம்பருக்குள் வரும், 90 சதவீதம் என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருக்கு 0.81. அப்படி ஒன்று கூகுளுக்குள் திட்டமாக இருக்கிறது, 90 சதவீதம் என்று எழுதியவருக்கு 0.01.