பனி மூடினால் டக் டக் என்று அடிக்கும் வெளி லைட்

கேள்வி: கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்து வாசற்படியில் வெளிச்சம் வேண்டும் என்று, இருட்டினால் தானாக எரியும் லைட் சுவிட்ச் பலகை ஒன்றை ஹட்டன் டவுனில் வாங்கினேன். 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிறது. பனி மூடினால் ரிலே (லைட்டைப் போட்டு அணைக்கும் காந்தச் சுவிட்ச்) டக் டக் என்று விடாமல் அடிக்கும். தெரிந்த ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவர், எல்.எம்.358 ஐசியின் அவுட்புட் காலுக்கும் மைனஸ் உள்ளீட்டுக் காலுக்கும் நடுவே 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்துத் தந்தார். சத்தம் குறைந்துவிட்டது. ஆனால் இப்போது பொழுது சாயும் நேரத்தில் ரிலே முனகுகிறது, அதை ஓட்டும் டிரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியாத சூடு. புதிதாக வாங்கிவிடவா?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றுங்கள்.

உங்கள் பலகையில் ஐசி செய்யும் வேலை ஒப்பிடுவது மட்டும்தான். எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் தடை குறையும் கண்) மைனஸ் காலுக்குத் தரும் வோல்டேஜ், பிரீசெட்டில் (திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) நீங்கள் திருகி வைத்து பிளஸ் காலுக்குப் போகும் வோல்டேஜுக்கு மேலேயா கீழேயா என்று பார்க்கிறது. எல்.எம்.358 சுமார் ஒரு லட்சம் மடங்கு பெருக்கும். அதனால் ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே அவுட்புட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயும். பனி ஒரு நிமிடம் அடர்ந்து மறு நிமிடம் விலகும் நம் ஊரில், பிரீசெட்டில் வைத்த அந்த எல்லைக் கோட்டருகே ரிலே அடித்துக்கொண்டே இருப்பதில் ஆச்சரியமில்லை.

அவுட்புட்டிலிருந்து மைனஸ் காலுக்குக் கெப்பாசிட்டர் போட்டால் அந்தப் பாய்ச்சல் போய்விடும். அவுட்புட் ஏறப் பார்க்கும்போதெல்லாம் அது மைனஸ் காலையும் சேர்த்துத் தூக்கும். ஐசி தன்னைத்தானே பிடித்து இழுத்துக்கொள்ளும். பொழுது சாயும்போது மாற்றம் மிக மெதுவானது என்பதால், அவுட்புட் நடுவழியில் சில வினாடிகள் நின்றே போகும். டிரான்சிஸ்டர் பாதி திறந்து சூடாவதும், ரிலே பாதி இழுபட்டு முனகுவதும் அப்போதுதான். இப்படியே விட்டால் ரிலேயின் தொடுமுனை கருகிவிடும்.

வேண்டியது பிளஸ் காலுக்குப் போகும் இணைப்பு, அதுவும் தடையி (ரெசிஸ்டர்) வழியாக. பிரீசெட்டுக்கும் பிளஸ் காலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு), அவுட்புட்டிலிருந்து பிளஸ் காலுக்கு 220 கிலோ ஓம். அவுட்புட் ஏறக்குறைய 10.5 வோல்ட் அசையும். அதில் 230க்கு 10 பங்கு, அதாவது கிட்டத்தட்ட அரை வோல்ட், எரியும் கோட்டுக்கும் அணையும் கோட்டுக்கும் இடைவெளியாகிவிடும். பலரும் 1 மெகா ஓம் போடுவார்கள். அதில் கிடைப்பது 0.1 வோல்ட்தான், மலைநாட்டுப் பனிக்கு அது பற்றாது.

அந்த 220 கிலோ ஓமுக்குப் பதில் பிளஸ் காலுக்கே கெப்பாசிட்டர் வைத்தால் என்ன? மாறும் கணத்தில் நல்ல தள்ளு தள்ளும். ஆனால் 104-உம் 10 கிலோ ஓமும் சேர்ந்தால் அந்தத் தள்ளு ஒரு மில்லிவினாடியில் கரைந்துவிடும். நம் பொழுது சாய அரை மணி நேரம் ஆகிறதே. வேகமாக ஓடும் சிக்னலுக்குத் தடையியோடு பக்கத்தில் 100 பைக்கோஃபாரட் வைப்பார்கள், அது சரி. ரிலேயே அசைய சுமார் பத்து மில்லிவினாடி எடுக்கும் பலகையில் அதனால் பயனில்லை.

கெப்பாசிட்டர் வேண்டும் என்று பாஸ் நினைத்ததில் பிழையில்லை, வைத்த இடம்தான் பிழை. எல்.டி.ஆர். சேரும் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் ஒன்றை, அதன் கழிமுனை (மைனஸ் குறி போட்ட முனை) கிரவுண்டில் இருக்கும்படி வையுங்கள். சட்டென்று கடக்கும் பனிக்கற்றையோ டார்ச் வெளிச்சமோ சில வினாடிகளுக்குக் கணக்கில் வராது. அப்புறம், எரியும் பல்பின் ஒளி எல்.டி.ஆரில் விழக்கூடாது. விழுந்தால் எந்தத் தடையியும் காப்பாற்றாது. கறுப்புக் குழாய்த் துண்டொன்றை அதன்மேல் செருகி, வானத்தைப் பார்க்க வைத்துவிடுங்கள்.

வேலைக்கு முன் 230 வோல்ட் பக்கத்தையும் அடாப்டரையும் கழற்றிவிடுங்கள். அடாப்டர் இல்லாமல் நேரே மெயினில் ஓடும் பலகை என்றால் கை வைக்கவே வேண்டாம்.

இனி வாங்குபவர்களுக்கு: கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, உள்ளங்கையை எல்.டி.ஆர். மேல் மிக மெதுவாகக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு 'டக்' கேட்க வேண்டும். 'டர்ர்' என்றால் வேறு கேளுங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள். மாற்றித் தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் ஈயம் பட்ட பலகையை எந்தக் கடைக்காரரும் இலகுவில் திருப்பி எடுக்கமாட்டார். முதலில் கடைக்குப் போங்கள், பிறகு பாஸிடம்.

கேள்வி: எல்.எம்.358 இடத்தில் எல்.எம்.393 செருகினால் ஓடுமா? கால்கள் ஒன்றுபோல இருக்கின்றனவே. (தலவாக்கலை மாணவர்)

பதில்: கால்வரிசை ஒன்றுதான். ஆனால் 393இன் அவுட்புட் கீழே இழுக்கும், தானாக மேலே தள்ளாது. அவுட்புட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ஒன்று வைக்காமல் செருகினால் ரிலே இழுக்காது. வைத்துவிட்டுப் பாருங்கள்.